பெற்றோர் கையெழுத்து இருந்தால் எந்த வேலைக்கும் போகலாமா?

"பெற்றோர் ஒப்புதல் கடிதம் கொடுத்தால் பள்ளி மாணவர்கள் எந்தப் பகுதிநேர வேலையிலும் சேரலாம், வயது, நேரம் எதுவும் தடையில்லை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

பல நாடுகளில் பெற்றோர் ஒப்புதலும் கேட்கிறார்கள், உண்மைதான். ஆனால் அது கூடுதல் நிபந்தனை. சட்டத்துக்கு மாற்று இல்லை.

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 138ஆவது உடன்படிக்கை (1973) வேலைக்கான குறைந்தபட்ச வயதை 15 என்கிறது. கட்டாயக் கல்வி முடியும் வயது அதைவிட அதிகம் என்றால், அதுவே வரம்பு. வளரும் நாடுகள் தொடக்கத்தில் 14 என வைத்துக்கொள்ள இடமுண்டு. 13 முதல் 15 வயதுவரை இலகுவான வேலையை மட்டும் ஒரு நாடு அனுமதிக்கலாம்; அதனால் உடல்நலமோ படிப்போ கெடக்கூடாது. எத்தனை மணி நேரம் என்பதையும் அரசுதான் வரையறுக்க வேண்டும்.

ஆபத்தான வேலைக்கு வயது 18. தக்க பயிற்சியும் பாதுகாப்பும் இருந்தால் 16 என்ற விதிவிலக்கு உண்டு. அதையும் தருவது நாட்டின் சட்டம், அப்பாவின் கையெழுத்து அல்ல.

இந்தச் செய்தியால் யாருக்கு வசதி? பொறுப்பைக் குடும்பத்தின் தலையில் கட்டப் பார்க்கும் முதலாளிக்குத்தான். 18 வயதுக்குட்பட்ட ஊழியர்களின் பெயர், வயது அடங்கிய பதிவேட்டை முதலாளி வைத்திருக்க வேண்டும் என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது.