அப்பா திரும்பிப் பார்த்தது காது கேட்டு அல்ல

வியாழக்கிழமை அந்த அலுவலகத்தில் நடந்தது இதற்குள் உறவு முழுக்கப் பரவிவிட்டது. உசிலம்பட்டிக்குப் போன் போட்டு, "விட்டுத் தள்ளுங்கம்மா, கவர்மென்டோட மல்லுக்கட்ட முடியுமா" என்று அம்மாவுக்கு அறிவுரை சொன்னவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா புதிதாக எதையும் கேட்கவில்லை. ராணுவ வேலையில் காதும் முழங்காலும் கெட்டதற்குக் கொடுத்துக்கொண்டிருந்த ஊன ஓய்வூதியத்தைத் தப்பாக நிறுத்திவிட்டார்கள். அதைத் திருப்பிக் கேட்கிறார். அவ்வளவுதான்.

"நான் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தாரே, காது நல்லாத்தானே கேட்குது?" என்றார் கவுண்டரில் இருந்தவர். அப்பா திரும்பியது அம்மா அவர் முழங்கையைத் தொட்டதால். எங்கள் வீட்டில் பல வருடமாக அப்படித்தான். வாசலில் ஆள் வந்தால் ஒரு தட்டு, போன் அடித்தால் ஒரு தட்டு.

1982இல் பீரங்கிப் படையில் சேர்ந்தவர். 1999 கார்கில் போரில் திராஸ் பக்கம் போஃபர்ஸ் பீரங்கிக்குப் பக்கத்திலேயே நின்றவர். 2006இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றபோது மருத்துவ வாரியம் காதுக்கு 20, முழங்காலுக்கு 15, இரண்டும் சேர்த்து 30 சதவீத ஊனம், ஆயுள் முழுக்க என்று எழுதியது. 50க்குக் கீழே இருந்தால் 50 என்று கணக்கிடும் விதி ஒன்று உண்டு. பணிக்காலம் முடிந்து வந்தவர்களுக்கு அதைத் தராமல் இழுத்தடித்தார்கள். 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கும் உண்டு என்று சொன்ன பிறகுதான் அப்பாவுக்குக் கிடைத்தது. 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்றால் 50க்கு 15. அந்தப் பணத்தில்தான் அம்மாவின் சர்க்கரை மாத்திரை வாங்கினோம்.

கேட்பது இன்னும் குறைந்துபோனதால் அப்பாவே மறுபரிசீலனைக்கு எழுதிக்கொடுத்தார். வாரியமும் கூடியது. வந்த தாளில் முழங்காலுக்கு 15-19 என்று இருக்கிறது. காதுக்கு நேரே ஒன்றும் இல்லை. காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்த தாள், ஆடியோகிராம், ஃபைலில் இல்லையாம். நாங்கள் கொடுத்ததற்கு ரசீது இருக்கிறது. 20க்குக் கீழே போனால் ஊனத்துக்கான பணம் மொத்தமும் நின்றுவிடும். ஒரு தாள் காணாமல் போனதற்கு ஒரு மனுஷனின் காதே சரியாகிவிட்டதா?

"அவர்தானே கேட்டுப் போனார், சும்மா இருந்திருந்தால் பழையது நிலைத்திருக்குமே" என்கிறீர்கள். உண்மைதான். நிரந்தரம் என்று எழுதிவிட்டால், அவராகக் கேட்காதவரை மறுபடி வாரியம் கூட்டக் கூடாது என்று 2001 உத்தரவே சொல்கிறது. எழுதிப் போடச் சொன்னவள் நான். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் கேட்டது குற்றமா?

"பென்ஷன் தனியா வருதே" என்று ஒருவர். வருகிறது. அது இருபத்துநான்கு வருடம் வேலை பார்த்ததற்கு. காது போனதற்கு அல்ல. "எத்தனை பேர் பொய் சர்டிபிகேட் வாங்குறான் தெரியுமா" என்று இன்னொருவர். வாங்குகிறவனைப் பிடியுங்கள். அந்தப் பேச்சை எங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவராதீர்கள்.

இந்தக் காதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அந்தக் கவுண்டர்காரருக்கு மட்டுமல்ல, நிறையப் பேருக்கு இது புரிவதில்லை. வெடிச்சத்தம் முதலில் பறிப்பது கீச்சென்ற மெல்லிய ஒலிகளைக் கேட்கும் திறனை. சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும்போது அடிக்கிற கொட்டு அப்பாவுக்கு நன்றாகவே கேட்கும். லாரி ஹாரன் கேட்கும். என் மகள் பேசினால் குரல் வருவது மட்டும் தெரியும், ச, த, க எல்லாம் உதிர்ந்துபோய் என்ன வார்த்தை என்று புரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிச் சிரிப்பார். பார்க்கிறவர்கள் கேட்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

நானும் நினைத்திருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று ஓடிவந்து மார்க்கைச் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. நான் பேசாமல் இருக்கிறேன் என்பதுகூட அவருக்கு எப்போது தெரிந்ததோ. அதற்காக இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்டாலும் பக்கத்தில் போய்க் கத்தித்தான் கேட்க வேண்டும்.

வியாழக்கிழமை பஸ்ஸில் வரும்போது, "அந்தத் தம்பி என்னம்மா சொன்னார்?" என்றார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் இன்னும் சொல்லவில்லை.

பணத்தை நிறுத்திய கடிதம் கிடைத்து 6 மாதத்துக்குள் முதல் முறையீடு போட வேண்டும், அதில் இரண்டு மாதம் அலைந்தே போய்விட்டது. அது நிராகரிக்கப்பட்டால் இரண்டாவது முறையீடு, அப்புறம் ராணுவத்தினரின் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப் படைத் தீர்ப்பாயம். மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது, ஆனால் அந்தத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையில்தான். மூட்டு வலியோடு பாண்டியனில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து போக வேண்டும் என்றாலும் போவார். கூட நான் போவேன்.

தகவல் உரிமைச் சட்டத்தில் வாரியத்தின் தாள்கள் முழுவதற்கும் கேட்டு எழுதியாயிற்று. புதிதாக ஆடியோகிராம் எடுத்தாயிற்று, இந்த முறை நான்கு நகல். நேற்று ராத்திரி முறையீட்டுத் தாளைப் படித்துக் காட்ட நான் வாயைத் திறப்பதற்குள், அப்பாவே வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூன்று பக்கத்தையும் படித்தார். "வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்" என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு "கோருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போகிறது.