வாசம் இல்லாவிட்டால் கெமிக்கல் இல்லையா?

"வாசமில்லாத பெயிண்டில் கெமிக்கலே கிடையாது, அடித்த அன்றிரவே ஜன்னலைச் சாத்திவிட்டு அந்த அறையில் படுக்கலாம்" என்று ஊட்டி, குன்னூர் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு.

பெயிண்டிலிருந்து ஆவியாகும் கரிமப் பொருள்களை விஓசி என்பார்கள். வாசம் தெரியாமலும் அவை வெளிவரும். டப்பாவில் லிட்டருக்கு எத்தனை கிராம் விஓசி என்று பாருங்கள்; இல்லையென்றால் கடையில் தொழில்நுட்பத் தாளைக் கேளுங்கள். அடர்நிறத்துக்காக மெஷினில் சேர்க்கும் நிறக்கலவையான ஸ்டெய்னர் அந்த அளவைக் கூட்டலாம். அடிப்பூச்சான பிரைமரிலும், சுவரை மட்டமாக்கும் பட்டியிலும் (புட்டி) விஓசி அளவைப் பார்க்க மறக்காதீர்கள்.

மலையில் குளிர்தான் பெரிய சிக்கல். தண்ணீர் கலக்கும் எமல்ஷன் படலமாக இறுகப் பொதுவாகச் சுவர் 10 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். மார்கழி இரவில் ஊட்டி அதற்கும் கீழே போகும். சாயங்காலம் அடித்த பூச்சு சரியாக இறுகாமல், தேய்த்தால் மாவாகக் கையில் வரும். காலை 10 மணிக்குமேல் தொடங்கி மதியம் 2 மணிக்குள் முடியுங்கள். பகலில் ஜன்னல் திறந்திருக்கட்டும், பனி இறங்கும்போது சாத்துங்கள். சில நாள் வேறு அறையில் படுப்பதே நல்லது, குழந்தை இருந்தால் கட்டாயம்.

ஈரம் ஊறும் பழைய சுவருக்குச் சுண்ணாம்பே எங்கள் முதல் தேர்வு. ஈரத்தை உள்ளே அடைக்காது. ஆனால் எமல்ஷன் மேல் அது நிற்காது, பழைய எமல்ஷனை முதலில் சுரண்டி எடுத்தாக வேண்டும். வீட்டு பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் கூடுதலாக இருக்கலாம்; அதை உலர்வாகத் தேய்க்காதீர்கள், நனைத்துச் சுரண்டுங்கள்.