வரவு கால் பங்கு போனால் சம்பள வரம்பு முக்கால் பங்கு போவது ஏன்?

ட்ரான்ஸ்ஃபர் சீசன் வந்துவிட்டால் நம் கால்பந்துக் குழுக்களில் ஒரே சண்டைதான். "லா லிகா (ஸ்பெயினின் முதல்நிலை லீக்) பார்சாவைப் (பார்சிலோனா கிளப்பை) பழிவாங்குகிறது" என்று ஒரு கூட்டம், "கையில் காசில்லாதவனுக்கு இத்தனை ஆட்டக்காரர்கள் எதற்கு" என்று இன்னொரு கூட்டம். ஒரு கிளப் ஆட்டக்காரர்களுக்கு அதிகபட்சம் எவ்வளவு செலவழிக்கலாம் என்று லீக் விதிக்கும் சம்பள வரம்பு என்ற அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைப் பார்த்துவிட்டால் இந்தச் சண்டையில் பாதி தானாகவே அடங்கிவிடும்.

லா லிகாவில் எல்லாக் கிளப்புக்கும் பொதுவான வரம்பு கிடையாது. 2013 முதல் ஒவ்வொரு கிளப்புக்கும் தனி எண். கணக்கு எளிமையானது. அந்த சீசனில் எதிர்பார்க்கும் வரவை எழுது. அதில் ஆட்டக்காரர் சம்பளம் அல்லாத செலவுகளைக் கழி: மைதானப் பராமரிப்பு, அலுவலக ஊழியர்கள், பயணம், பார்சா போன்ற கிளப் என்றால் கூடைப்பந்துப் பிரிவும்கூட. அந்த வருடம் கட்டவேண்டிய கடனைக் கழி. முந்தைய வருட நஷ்டம் இருந்தால் அதையும் கழி. மீதி நிற்பதுதான் வரம்பு. மாதச் சம்பளத்தில் வாடகையும் இஎம்ஐயும் போக மிஞ்சுவதில் குடும்பம் நடத்துவதைப் போலத்தான். சம்பளம் குறைந்தது என்று வீட்டுக்காரர் வாடகையைக் குறைக்கமாட்டார். வெட்டு முழுவதும் மிச்சத்தின் மேல்தான் விழும்.

எண்களாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிளப்பின் வரவு 50 கோடி யூரோ என்று வையுங்கள். மற்ற செலவு 15 கோடி, கடன் தவணை 3 கோடி. வரம்பு 32 கோடி. இப்போது வரவு 20 சதவீதம் குறைந்து 40 கோடி ஆகிறது. செலவும் தவணையும் அப்படியே இருப்பதால் வரம்பு 22 கோடி. அதாவது 31 சதவீத வீழ்ச்சி. இதோடு நிற்காது. ஆட்டக்காரர்களோடு 32 கோடிக்கு ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டாயிற்று, அதைக் கொடுத்தே தீரவேண்டும். ஆக அந்த வருடம் 10 கோடி நஷ்டம். அடுத்த வருடக் கணக்கில் அந்த 10 கோடியும் கழிபட்டால் வரம்பு 12 கோடி. வரவில் ஐந்தில் ஒரு பங்குதான் போனது. வரம்பில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் போய்விட்டது.

இந்த வரம்புக்குள் என்னென்ன அடங்கும் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். சம்பளம் மட்டுமில்லை, போனஸ், சமூகப் பாதுகாப்புத் தொகை, ஏஜென்ட் கட்டணம், பயிற்சியாளர்களின் சம்பளம் எல்லாம் உண்டு. முக்கியமாக, ஒருவரை வாங்க இன்னொரு கிளப்புக்குக் கொடுத்த ட்ரான்ஸ்ஃபர் தொகையின் வருடாந்திரப் பங்கு. 2019இல் பார்சா முன்கள ஆட்டக்காரர் கிரீஸ்மானை 12 கோடி யூரோவுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்கினார்கள் என்றால், வருடத்துக்கு 2.4 கோடி அவர் பெயரில் வரம்பில் உட்கார்ந்திருக்கும். அவர் பாதிச் சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டாலும் அந்த 2.4 கோடி குறையாது. விற்கலாம் என்றால் கணக்கில் மிச்சமிருக்கும் மதிப்பைவிடக் குறைவாக விற்றால் அது புது நஷ்டம். வரவு வீழ்ந்த வருடத்தில் நல்ல விலைக்கு வாங்க யார் இருக்கிறார்கள்? 2021 ஆகஸ்ட் கடைசி நாளில் அவரை அத்லெடிகோ மாட்ரிட் கிளப்புக்குக் கடனாக அனுப்பியதன் பின்னணி இதுதான்.

இனி உண்மையான எண்கள். பார்சிலோனாவின் வரவு 2018-19இல் 99 கோடி யூரோ. 2019-20இல் 85.5 கோடி. 2020-21இல் 63.1 கோடி. கோவிட்டால் அவர்கள் மைதானமான காம்ப் நோவு பூட்டிக் கிடந்தது. சுற்றுலாப் பயணிகளை நம்பியிருந்த அருங்காட்சியகமும் கடைகளும் படுத்துவிட்டன. இந்த இரண்டிலும் மற்ற எவரையும்விட அதிகம் சம்பாதித்த கிளப் என்பதால் அடியும் அதிகம். 2020-21 நஷ்டம் 48.1 கோடி. வரம்போ 2019-20இல் 67.1 கோடி, அடுத்த சீசன் 38.3 கோடி, 2021 செப்டம்பரில் 9.8 கோடி, 2022 மார்ச்சில் மைனஸ் 14.4 கோடி. ஆமாம், மைனஸ். ஒரு ஆட்டக்காரருக்குக்கூடச் சம்பளம் தராவிட்டாலும் கணக்கு உதைக்கும் என்று அர்த்தம்.

"கோவிட் எல்லோருக்கும்தானே வந்தது?" என்று கேட்பவர்கள் மாட்ரிட்டைப் பார்க்கவேண்டும். ரியல் மாட்ரிட்டின் வரவும் 75.7 கோடியிலிருந்து 65.3 கோடிக்கு இறங்கியது. ஆனால் இரண்டு கோவிட் சீசன்களையும் மயிரிழை லாபத்தில் முடித்தார்கள். 2020 கோடையில் பெரிய ஆள் யாரையும் வாங்கவில்லை; சம்பளத்தைக் குறைத்தார்கள். கழிக்க நஷ்டமே இல்லை. 2021 செப்டம்பரில் அவர்கள் வரம்பு 73.9 கோடி. பார்சாவை விட ஏழு மடங்குக்கு மேல். வரவு இழப்பு வரம்பைத் தள்ளிவிடுகிறது என்பது உண்மை. எவ்வளவு தூரம் தள்ளிவிடும் என்பதை முன்பே போட்டுவைத்த ஒப்பந்தங்கள்தான் முடிவு செய்கின்றன. ஆட்டக்காரர் செலவு வரவில் 103 சதவீதம் என்று பார்சா தலைவர் லபோர்டாவே சொன்னார். அந்த நிலையில் மைதானம் பூட்டாமலிருந்தாலும் ஒருநாள் இடித்திருக்கும்.

மெஸ்ஸி பார்சாவைவிட்டுப் போக நேர்ந்த விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். 2021 ஜூன் 30இல் ஒப்பந்தம் முடிந்துவிட்டதால் அவர் லீக் பார்வையில் புதுப் பதிவு (லீக்கில் பதிவானால்தான் ஆடமுடியும்). வரம்பைத் தாண்டி நிற்கும் கிளப்புக்கு அப்போது நாலுக்கு ஒன்று என்ற விதி: நாலு யூரோ மிச்சப்படுத்தினால் ஒரு யூரோதான் புதிதாகச் செலவழிக்கலாம். (ஒரே ஆட்டக்காரரின் பங்கு மிகப் பெரிதாக இருந்தால் கொஞ்சம் சலுகை உண்டு.) வருடம் 4 கோடி செலவாகும் ஒருவரைப் பதிவு செய்ய 16 கோடிச் செலவை வெட்டவேண்டும். மெஸ்ஸியோடு சேர்த்தால் சம்பளச் செலவு வரவில் 110 சதவீதம், அவர் இல்லாமலேயே 95 சதவீதம் என்றார் லபோர்டா. 2021 ஆகஸ்டில் புதிதாக வந்த மெம்ஃபிஸையும் எரிக் கார்சியாவையும் பதிவு செய்யவே மூத்த ஆட்டக்காரர் பிக்கே தன் சம்பளத்தைக் குறைக்கவேண்டி வந்தது. பாதிச் சம்பளத்துக்கு மெஸ்ஸி ஒப்புக்கொண்டிருந்தும் கதவு திறக்காததில் மர்மம் எதுவுமில்லை.

சம்பளக் குறைப்பு என்று செய்தியில் வருவதையும் சற்று உற்றுப் பார்க்கவேண்டும். கோவிட் காலத்தில் பல கிளப்புகளும் செய்தது குறைப்பு அல்ல, தள்ளிவைப்பு. இந்த வருடம் கொடுக்காததை அடுத்த மூன்று நான்கு வருடங்களில் சேர்த்துக் கொடுப்பது. இன்றைய வரம்பு மூச்சுவிடும். நாளைய வரம்பில் அதே பணம் வந்து உட்காரும்.

பிறகு வந்ததுதான் 2022 கோடையின் 'லீவர்'கள், அதாவது கிளப் சொத்துகளின் விற்பனை. சாதாரணமாக இப்படி நஷ்டம் வந்தால் முதலாளி கையிலிருந்து மூலதனம் போட்டு ஈடுகட்டுவார். பார்சா உறுப்பினர்களுக்குச் சொந்தமான கிளப். ரியல் மாட்ரிட், அத்லெடிக் பில்பாவ், ஒசாசுனா போல. முதலாளியும் இல்லை, பங்கும் விற்கமுடியாது. எனவே சொத்தை விற்றார்கள். லா லிகா தொலைக்காட்சி வரவில் 10 சதவீதத்தை 25 வருடத்துக்கு சிக்ஸ்த் ஸ்ட்ரீட் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 20.75 கோடிக்கு, அடுத்து மேலும் 15 சதவீதம், கிளப்பின் வீடியோ தயாரிப்புப் பிரிவான பார்சா ஸ்டூடியோஸில் 24.5 சதவீதம் வீதம் இரண்டு துண்டுகள், துண்டு 10 கோடி. எல்லாம் உடனடி வரவாகவே எழுதப்பட்டன. வரம்பு ஒரே தாவலில் 65.6 கோடி. லெவன்டாஸ்கி, ரஃபீன்யா, குந்தே மூவருக்கும் சேர்த்து ஏறத்தாழ 15 கோடி யூரோ கொட்டினார்கள்.

இதைத்தான் நான் ஏற்கமாட்டேன். பார்சாவின் தைரியத்தை அல்ல, லீக் அதை அனுமதித்த விதத்தை. 25 வருட வரவை விற்ற பணம் ஒரே வருட வரம்பை ஊதிவிட்டது. தொலைக்காட்சி வரவின் அந்த 25 சதவீதம் இனி ஒவ்வொரு வருடமும் வராது, அதாவது ஒவ்வொரு வருட வரம்புக் கணக்கிலும் முதலில் எழுதும் வரவு முன்கூட்டியே குறைந்தாயிற்று. ஸ்டூடியோஸ் பணமும் சொன்ன தேதியில் வந்து சேரவில்லை. வராத பணம் வரவு இழப்புதான்: 2023 செப்டம்பரில் வரம்பு 27 கோடி, 2024 பிப்ரவரியில் 20.4 கோடி. 2023-24 கணக்கில் ஸ்டூடியோஸ் பெயரில் 14 கோடி சொச்சம் ஒதுக்கவேண்டி வந்ததில் கிளப் 9.1 கோடி நஷ்டத்தில் முடிந்தது. காம்ப் நோவு புதுப்பிப்பு வேலைக்காக மொந்த்யுயிக் மைதானத்துக்குக் குடிபெயர்ந்த காலமும் அதுவே. காம்ப் நோவுவில் விற்ற அளவு டிக்கெட் அங்கே விற்க வழியில்லை.

புதிதாக வாங்கிய மிட்ஃபீல்டர் தானி ஒல்மோவைப் பதிவு செய்யும் பிரச்சினை இதன் வால்தான். 2024 ஆகஸ்டில் கிறிஸ்டென்சன் நீண்ட நாள் காயத்தில் படுத்ததால் அவர் சம்பளத்தின் ஒரு பகுதியைப் பயன்படுத்தி ஒல்மோவை டிசம்பர் வரை பதிவு செய்தார்கள். பிறகு 475 விஐபி இருக்கைகளின் உரிமையை 10 கோடிக்கு விற்றார்கள். ஜனவரியில் அரசின் விளையாட்டு மன்றம் தற்காலிக அனுமதி கொடுத்தது. ஏப்ரலில் அந்த விஐபி தொகை கணக்கில் ஏறவில்லை என்று லா லிகா அதை வரம்பிலிருந்து நீக்கியது. கட்டி முடியாத மைதானத்தின் இருக்கையை எந்த வருட வரவில் எழுதுவது என்ற ஆடிட்டர் கேள்வி, ஒரு மிட்ஃபீல்டர் களமிறங்குவாரா என்பதைத் தீர்மானித்த கூத்து அது.

அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் இதே அடியை எப்படித் தாங்கியது என்று பாருங்கள். அது வேறு ஆட்டம், வேறு அமைப்பு. 32 அணிகளுக்கும் ஒரே வரம்பு, லீக்கின் மொத்த வரவிலிருந்து. 2020இல் 19.82 கோடி டாலர். ரசிகர் கூட்டம் குறையும் சீசன் வரப்போகிறது என்று தெரிந்ததும், அந்த ஜூலையிலேயே ஆட்டக்காரர் சங்கமும் லீக்கும் உட்கார்ந்து, 2021 வரம்பு 17.5 கோடிக்குக் கீழே போகாது, இழப்பை அடுத்தடுத்த வருடங்களில் பரப்பிக்கொள்வோம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். முடிவில் 2021 வரம்பு 18.25 கோடி. 8 சதவீத வீழ்ச்சி, அவ்வளவுதான். மறு வருடம் 20.82 கோடி. கிளப்புகள் முன்பணமாகக் கொடுத்ததும் ஆட்டக்காரர்கள் தள்ளிவைத்ததும் முழுக்கத் தீர்ந்த 2024இல், தொலைக்காட்சிப் பணமும் கூடியதால் 25.54 கோடி. அங்கும் வலி இல்லாமல் இல்லை: 2021இல் நடுத்தர ஆட்டக்காரர்கள் பலர் வந்த விலைக்கு ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆனாலும் யாருடைய வரம்பும் மைனஸுக்குப் போகவில்லை.

அதை அப்படியே ஸ்பெயினுக்குக் கொண்டுவர முடியாது. தரமிறக்கம் (கடைசி இடத்தவர் கீழ்நிலை லீக்குக்குப் போவது) இருக்கும் லீக்கில் ரியல் மாட்ரிட்டுக்கும் கெதாஃபே போன்ற சின்னக் கிளப்புக்கும் ஒரே வரம்பு வைப்பது நடக்காத காரியம். வரம்பைக் குறைத்தால் ஆட்டக்காரர்கள் இங்கிலாந்துக்குப் போய்விடுவார்கள். என்எஃப்எல் ஆட்டக்காரருக்குப் போக வேறு இடம் இல்லை. கோவிட் நஷ்டத்தைச் சில வருடங்களாகப் பிரித்துக்கொள்ள லா லிகாவும் சலுகை கொடுத்தது என்பதையும் சொல்லவேண்டும். பார்சாவின் நஷ்டத்தில் கோவிட் தலையில் கட்டமுடியாத பங்கு பெரிது.

நான் கேட்பது ஒன்றுதான், இரு பக்கமும் ஒரே அளவுகோல். மைதானம் பூட்டுவது, கட்டுமானம் தாமதமாவது போன்ற வரவு இழப்பை ஐந்து வருடத்தில் பரப்பட்டும், ஒவ்வொரு முறையும் பேரம் பேசாமல் விதியாகவே இருக்கட்டும். அதேபோல 25 வருட வரவை விற்றால் அந்தப் பணத்தையும் 25 வருடத்தில் பரப்பட்டும். அந்தக் கணக்கில் 20.75 கோடி என்பது வருடத்துக்கு 83 லட்சம் யூரோ. 2022இல் லெவன்டாஸ்கியைப் பதிவு செய்திருக்க முடியாது. 2021இல் வரம்பு 9.8 கோடிக்கும் போயிருக்காது. இந்த இரண்டில் முதலாவதை ஏற்கத் தயாராக இருக்கும் பார்சா ரசிகர் யாராவது இருந்தால் கமென்ட்டில் வாருங்கள், பேசுவோம்.