என்னை ‘மிஸ்’ என்று கூப்பிடும் பிள்ளைகள்

போன திங்கட்கிழமை மதிய இடைவேளையில் என் வகுப்புப் பையன் ஒருவன் சறுக்குமரத்தடியில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். அழுதபடி நேராக என்னிடம் ஓடி வந்து இரண்டு கையையும் மேலே தூக்கினான். "தூக்கு மிஸ்."

நான் உடனே தூக்கவில்லை. ஆயாம்மா பக்கத்தில் இருக்கிறாரா, கேட்டில் பெற்றோர் யாராவது நிற்கிறார்களா என்று என் கண் தேடியது. மூன்று நொடி இருக்கும். அப்புறம்தான் குனிந்தேன். சளியும் கண்ணீருமாக என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அந்த மூன்று நொடியை நினைத்து அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மதுரைப் பக்கம் ஒரு நர்சரி பள்ளியில் ஏழு வருடமாக எல்.கே.ஜி. எடுக்கிறேன். மழலையர் பிரிவில் நான் ஒருவன்தான் ஆண். பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர் எல்லாரும் ‘மிஸ்’, அதனால் நானும் மிஸ். அதில் எனக்குச் சந்தோஷம்தான். பெரியவர்கள் பேசுவதுதான் தைக்கிறது. "பெரிய கிளாஸ் கிடைக்கிற வரைக்கும் இங்க இருக்கீங்களா சார்?" பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை எந்த வகுப்பு எடுக்கிறார் என்று கேட்டார்கள். நான் வாய் திறக்கும் முன்னே என் சித்தப்பா "கணக்கு வாத்தியார்" என்று சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் தாண்டி வந்துவிட்டேன். ஓர் அம்மா தன் மகளை வேறு செக்‌ஷனுக்கு மாற்றச் சொன்னார். பள்ளியும் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் மாற்றிவிட்டது. அதை மட்டும் தாண்ட முடியவில்லை. அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. பேப்பரைப் பிரித்தால் வருகிற செய்திகள் அப்படி. எனக்கும் இப்போது ஒரு மகள் இருக்கிறாள், நானும் பயப்படுகிறேன்.

ஆனால் ஆண்களை வாசலோடு நிறுத்திவிட்டால் பயம் தீர்ந்துவிடுமா? வகுப்புக் கதவு திறந்தே இருக்கட்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்க வேண்டாம். கழிப்பறைக்கு யார் கூட்டிப் போவது என்பது எழுத்தில் இருக்கட்டும். பள்ளியில் வேலை பார்ப்பவர் பிள்ளையிடம் தப்பாக நடந்தால் 2012 போக்சோ சட்டம் அதற்குக் கூடுதல் தண்டனை வைத்திருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். எல்லாம் எனக்கும் பக்கத்து வகுப்பு மிஸ்ஸுக்கும் பொதுவாக இருக்கட்டும். நானே இதைக் கேட்கிறேன்.

இந்த வேலை ஆணுக்குப் புதிதும் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் ‘அ’ எழுத வைத்தவர் வாத்தியார்தான். 1840-இல் ‘கிண்டர்கார்ட்டன்’ என்று பேர் வைத்த ஃப்ரோபெல் ஓர் ஆண். குஜராத்தில் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா வக்கீல் தொழிலை விட்டுவிட்டு 1920-இல் சின்னப் பிள்ளைகளுக்காகப் பால மந்திர் தொடங்கினார். அவரை ‘மீசை வைத்த அம்மா’ என்றே கூப்பிட்டார்கள். என்னை ‘மிஸ்’ என்று கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

1975-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தில் பணியாளர் என்றாலே உள்ளூர்ப் பெண் என்றுதான் வைத்தார்கள். அவருக்குத் தருவதற்குப் பேர் சம்பளம் கூட இல்லை, மதிப்பூதியம். 2018-இல் ஒன்றிய அரசு உயர்த்திய பிறகும் அது மாதம் 4,500 ரூபாய். அதற்கு மேல் மாநிலம் போடுவதுதான். பிள்ளை பார்ப்பது பொம்பளைக்குத் தானாக வரும், அதற்கு எதற்குப் படிப்பும் சம்பளமும் என்கிற எண்ணம்தான் இதற்குப் பின்னால் இருக்கிறது. ஆம்பளைக்கு அது வரவே வராது என்று என்னைப் பார்த்துச் சொல்வதும் அதே எண்ணம். அழுகிற இருபது பிள்ளைகளை ஜூன் மாதத்தில் கதை சொல்லி உட்கார வைப்பது யாருக்கும் தானாக வராது. பக்கத்து வகுப்பு மிஸ்ஸும் நானும் அதைப் படித்து, தப்புப் பண்ணி, திருத்தித்தான் கற்றுக்கொண்டோம்.

நேற்று தாளாளரிடம் ஒரு கடிதம் கொடுத்தேன். மேலே சொன்ன விதிகளை எல்லா ஆசிரியர்களுக்கும் எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடைசியாக ஒரு வரி: அடிபட்டு அழுதுகொண்டு வரும் பிள்ளையை, எல்லார் கண் முன்னாலும், எந்த ஆசிரியரும் தூக்கலாம். பதில் இன்னும் வரவில்லை.