லிஃப்ட் பம்ப் பூட்டினால் இழுவை அதிகரிக்காது

"டீசல் குழாயைப் பெருப்பித்து லிஃப்ட் பம்ப் ஒன்று பூட்டினால் கெப் நல்லா இழுக்கும், டீசலும் மிச்சம்" என்று கிளிநொச்சி, மாங்குளம் பக்கமெல்லாம் ஒரு கதை சுற்றுகிறது. இது பிழை. அந்தப் பம்ப் தாங்கியிலிருக்கிற டீசலைக் குறைந்த அழுத்தத்தில், அதைச் சிலிண்டருக்கு அழுத்தி அனுப்புகிற இன்ஜெக்ஷன் பம்ப் வரை கொண்டுபோய்க் கொடுக்கும், அவ்வளவுதான். சிலிண்டருக்குள் எவ்வளவு போகவேண்டும் என்பதைப் பழைய இன்ஜினில் கவர்னர் என்கிற கட்டுப்பாட்டுக் கருவியும் புதிய காமன் ரெயில் வகை இன்ஜினில் கம்பியூட்டரும்தான் முடிவு செய்கின்றன, மிஞ்சுவது ரிட்டர்ன் குழாயால் தாங்கிக்கே திரும்பிவிடும். டியூன் பண்ணிப் பவர் கூட்டிய இன்ஜினுக்கு டீசல் போதாமல் போனால் அது வேறு விஷயம்.

பழைய ஹைலக்ஸ் பலவற்றில் தனி லிஃப்ட் பம்பே கிடையாது, இன்ஜெக்ஷன் பம்பே உறிஞ்சி எடுக்கும். அதனால் ஹோஸில் சின்ன வெடிப்பு இருந்தாலும் காற்று இழுத்து, காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும். காசு செலவழிக்க முன் அந்த ஹோஸையும் கிளிப்பையும் பாருங்கள். கானில் நாட்கணக்கில் வைத்த டீசலை ஊற்றுகிறவர்கள் பில்டரின் அடியில் நிற்கும் தண்ணீரையும் வடித்துவிடுங்கள்.