தொடுபுழை பேராசிரியரைக் கோர்ட் தண்டிக்கவில்லை

"நபியை இழிவுபடுத்தியதாகக் கோர்ட்டே தண்டித்த ஆள்தானே, கை போனதற்கு இத்தனை அழுகை எதற்கு?" என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அது தவறு. ஒரு வினாத்தாளில் கேட்ட கேள்விக்காக வழக்கைச் சந்தித்து, கையும் வெட்டப்பட்ட கேரளத்துத் தொடுபுழைக் கல்லூரிப் பேராசிரியர் டி.ஜே. ஜோசப்பை எந்தக் கோர்ட்டும் தண்டிக்கவில்லை. 2013 நவம்பரில் தொடுபுழை நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்தே விடுவித்துவிட்டது. தண்டனை பெற்றவர்கள், 2010 ஜூலை 4 அன்று மூவாற்றுப்புழையில் தேவாலயத்திலிருந்து தாயோடும் சகோதரியோடும் திரும்பியவரைக் காரிலிருந்து இழுத்துக் கையை வெட்டியவர்கள். 2015இலும் 2023இலும் தீர்ப்பு வந்தது, மூவருக்கு ஆயுள்.

ஜோசப் அந்த வினாத்தாளில் கேட்டது நிறுத்தற்குறி இடும் கேள்வி. ஒரு பைத்தியக்காரன் கடவுளோடு பேசும் உரையாடல், மலையாளத் திரைப்பட இயக்குநர் பி.டி. குஞ்ஞுமுகமது எழுதியது. அந்தப் பைத்தியக்காரனுக்கு ஜோசப் முகமது என்று பெயர் வைத்தார், அவ்வளவுதான். நான் பீர்மேட்டில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வினாத்தாள் எழுதுகிறவள். கண்ணன், மேரி, பாத்திமா என்று யோசிக்காமல் வைத்த பெயர்களை இப்போது இரண்டு முறை வாசித்துவிட்டே அனுப்புகிறேன். அந்தப் பயம் எனக்கு வேண்டாம், எந்த ஆசிரியருக்கும் வேண்டாம்.

கீழே இன்னொருவர் "முஸ்லிம்கள் எல்லாரும் கைதட்டினார்கள்" என்கிறார். அதுவும் பொய். ஜோசப்புக்கு ரத்தம் கொடுக்க வந்தவர்களில் ஜமாஅத்தே இஸ்லாமி என்ற முஸ்லிம் அமைப்பின் இளைஞர் பிரிவினரும் இருந்தார்கள். கல்லூரி அவரை வேலையைவிட்டு நீக்கியது. 2014 மார்ச்சில் மனைவி தற்கொலை செய்துகொண்ட பிறகே, ஓய்வுபெறச் சில நாட்கள் இருக்கையில், திரும்ப எடுத்தார்கள். அண்ணா, கோர்ட் தண்டித்தது என்ற அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.