‘எத்தனை சிசி போட்டீங்க?’

மார்பகத்தைப் பெரிதாக்கும் ஆபரேஷனுக்கு வருகிற பெண்கள் பெரும்பாலும் ஒரு எண்ணோடுதான் உள்ளே நுழைகிறார்கள். “எனக்கு 350 சிசி வேணும் சிஸ்டர்.” அந்த 350 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தோழி போட்டிருப்பாள். இல்லையென்றால் இன்ஸ்டாகிராமில் முன்பும் பின்பும் எடுத்த படங்களுக்குக் கீழே யாரோ எழுதியிருப்பார்கள். பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் நர்ஸாக வேலை பார்ப்பவள் நான். இந்த எண்ணைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். இதையெல்லாம் முகநூலில் எழுதலாமா என்று நாலு பேர் வருவார்கள், வரட்டும். வெளிப்படையாகப் பேச ஆளில்லாததால்தான் இந்தப் பெண்கள் முகம் தெரியாதவர்களிடம் எண் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சிசி என்பது கொள்ளளவு. மார்பகத்துக்குள் வைக்கும் சிலிகான் பைக்குள் எத்தனை மில்லி இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. அதே 300 சிசி, தட்டையாகப் பரந்த வடிவில் 13 சென்டிமீட்டரை ஒட்டிய அகலத்தில் வரும். முன்னால் எழும்பி நிற்கும் ‘ஹை புரொஃபைல்’ வடிவில் 11 சொச்சத்தில் அடங்கிவிடும். இரண்டு பெட்டியிலும் 300 என்றுதான் அச்சிட்டிருக்கும். ஐந்தடி உயரத்தில் ஒல்லியாக இருக்கும் பெண்ணுக்கு முதல் வகையை வைத்தால் ஓரம் அக்குள் பக்கம் போய்க் கையில் உரசும். நெஞ்சு அகலமானவருக்கு இரண்டாவதை வைத்தால் சுற்றிலும் வெற்றிடம் விட்டு நடுவில் மட்டும் தூக்கி நிற்கும். தோழிக்கு அழகாக இருந்தது தோழியின் எலும்புக்கூட்டுக்கு.

“அப்போ சி கப் வர்ற மாதிரி வைங்க” என்பார்கள் அடுத்து. பிராவின் கப் அளவு இன்னும் மோசம். 32டி, 34சி, 36பி மூன்றிலும் கப்பின் கொள்ளளவு ஏறத்தாழ ஒன்றுதான், சுற்றளவு மாறும்போது எழுத்தும் மாறிவிடுகிறது. கம்பெனிக்குக் கம்பெனி அளவும் வேறு. போதாததற்கு, பிரா கடையில் ஆண் விற்பனையாளர் முகத்தைப் பார்க்காமல் “34 குடுங்க” என்று சொல்லி, பொட்டலத்தை அவசரமாகப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்த தலைமுறை நாங்கள். கப் என்று ஒன்று இருப்பதே பலருக்குப் பிள்ளை பெற்ற பிறகுதான் தெரியும். பத்து வருஷமாகத் தப்பான பிரா போட்டுக்கொண்டிருப்பவர் “நான் இப்போ பி” என்று சொன்னால், அதை வைத்துக்கொண்டு டாக்டர் என்ன கணக்குப் போடுவார்?

டாக்டர் முதலில் அளக்க வேண்டியது அகலத்தை. நடு நெஞ்செலும்பு ஓரத்தில் மார்பகம் தொடங்கும் இடத்திலிருந்து அக்குள் பக்கம் அது முடியும் இடம் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று காலிப்பர் என்கிற அளவுக் கருவியை வைத்துப் பார்ப்பார். பிறகு மேல் பக்கம் தோலையும் சதையையும் சேர்த்துக் கிள்ளிப் பிடித்து அதன் தடிமனைப் பார்ப்பார். 2 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால், பையின் விளிம்பு வெளியே தெரியாமலிருக்க, மேல் பாதியையாவது தசைக்குக் கீழே வைப்பதுதான் வழக்கம். அடுத்து, காம்பு ஓரத்துத் தோலை முன்னால் இழுத்து எவ்வளவு நீள்கிறது, காம்பிலிருந்து கீழ் மடிப்பு வரை எவ்வளவு தூரம் என்றெல்லாம் பார்ப்பார். டல்லஸ் நகரத்து டாக்டர் ஜான் டெபெட்ஸ் 2005இல் இதையெல்லாம் ஐந்து அளவுகள், ஐந்து முடிவுகள் என்று ஒழுங்குபடுத்திக் கட்டுரையாக வெளியிட்டார். ஐந்து நிமிஷத்து வேலை. இத்தனை அளவும் எடுத்து முடிக்கும்போது அந்த உடம்புக்குப் பொருந்தக்கூடிய அளவு ஒரு சின்ன வட்டத்துக்குள் வந்துவிடும். அதற்குள்ளே தேர்ந்தெடுப்பது பெண்ணின் உரிமை. அதைத் தாண்டிக் கேட்டால், உடம்பு பிற்பாடு கணக்குத் தீர்க்கும்.

வட்டத்துக்குள் வந்த பிறகும் 300ஆ 325ஆ என்று தூக்கம் கெட்டு, இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்பவர்கள் உண்டு. 25 மில்லி என்றால் ஐந்து டீஸ்பூன். அதுவும் மார்பு முழுக்கப் பரவிவிடும். போட்ட பிறகு கண்ணாடியில் அதைக் கண்டுபிடிக்க உங்களாலேயே முடியாது. தூங்குங்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால், அந்த அளவு எப்படி இருக்கும் என்று வீட்டில் அரிசிப் பொட்டலம் கட்டிப் பிராவுக்குள் வைத்துப் பார்ப்பது நல்ல விஷயம்தான். ஆனால் எடை போட்டுக் கட்டாதீர்கள், மில்லி கோடு போட்ட கோப்பையில் 300 வரை அரிசியை அளந்து மெல்லிய கவரிலோ பழைய சாக்ஸிலோ போட்டு முடியுங்கள். கம்பியும் பஞ்சும் இல்லாத, நெகிழும் பிரா போட்டு உள்ளே வையுங்கள். மேலே இறுக்கமான பனியன். அப்படியே அரை நாள் இருங்கள். துணி துவையுங்கள், மாடிப்படி ஏறுங்கள், வழக்கமாக வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற சுடிதாரை மாட்டிப் பாருங்கள். ஒரு பொண்ணு எங்களிடம் வந்து மாதிரிப் பைகளைப் பிராவுக்குள் வைத்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று ரசித்துவிட்டு, திடீரென்று ஸ்கூட்டர் ஹேண்டிலைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. “அக்கா, அதுக்கு முந்தின சைஸ எடுங்க” என்றாள். அந்த ஒரு அசைவு சொன்னதை எங்கள் கம்ப்யூட்டர் முப்பரிமாணப் படம் சொல்லவில்லை. வெளியே வைத்துப் பார்ப்பதும் உள்ளே போவதும் ஒன்றாக இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். தசைக்குக் கீழே போனால் கொஞ்சம் அமுங்கிச் சின்னதாகத்தான் தெரியும்.

இப்போது என் முக்கியமான சண்டைக்கு வருகிறேன். “எல்லாரும் கடைசியில் இன்னும் பெரிசா வச்சிருக்கலாம்னுதான் சொல்றாங்க, அதனால முதல்லயே பெரிசா போட்டுடு.” இந்த அறிவுரையைக் கேட்காத பெண்ணே இல்லை. அப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் எப்போது சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஆபரேஷன் முடிந்ததும் வீக்கம் இருக்கும், பை மேலே ஏறி நிற்கும், பெரிதாகத் தெரியும். வாரங்கள் போகப் போக வீக்கம் வடிந்து, பை கீழே இறங்கித் தன் இடத்தில் உட்காரும். கண்ணும் பழகிவிடும். உடனே சின்னதாகிவிட்டது போலத் தோன்றும். மார்பைப் பற்றிப் படம் போட்டுப் பேசுகிற ஆர்வமும் அந்த மாதங்களில்தான் இருக்கும். 

அளவுக்கு மீறிப் பெரிதாகப் போட்டதன் விலை மெதுவாக வரும். ஒரு பக்கத்துக்கு 500 சிசி என்றால் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு கிலோ. அது ராத்திரி பகலாகத் தோலை இழுக்கிறது. சொந்த மார்பகத் திசு அழுந்தி மெலிகிறது, தோல் மெலிந்து பையின் சுருக்கம் கைக்குத் தட்டுப்படுகிறது, பை கீழ் மடிப்பைத் தாண்டிச் சரிகிறது, காம்பு மேல்நோக்கிப் பார்க்க ஆரம்பிக்கிறது. பத்து வருஷம் கழித்து இது நடக்கும்போது அந்தப் பெண் அதைப் படம் எடுத்துப் போடுவாளா? அமைதியாக எங்களிடம் வருவாள். ஆறாம் மாசத்துக்காரி ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிறாள், பத்தாம் வருஷத்துக்காரி கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறாள். அறிவுரை ஒரு பக்கமாகவே சாய்ந்திருப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். பெரிதாக்கிவிட்டு வருந்தினால், பையை எடுத்தாலும் நீண்டுபோன தோல் பழையபடி வராது. சின்னதாக வைத்து வருந்துகிறவருக்கு அந்தச் சிக்கல் இல்லை, இன்னொரு ஆபரேஷன் செலவும் வலியும் மட்டும்தான்.

அறைக்குள் வரும் கணவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்லவர்கள் நிறைய, வெளியே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் உள்ளே வந்தார். டாக்டர் அளவு எடுத்து 275 பக்கம் சொல்ல, “ரேட் எல்லாத்துக்கும் ஒண்ணுதானே டாக்டர், கொஞ்சம் பெரிசாவே போட்டுடுங்க” என்றார். காய்கறி வாங்கிவிட்டுக் கறிவேப்பிலை கொசுறு கேட்கிற தோரணை. அந்தம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சார், கவுன்ட்டர்ல ஒரு கையெழுத்து போடணும்” என்று நான் அவரைக் கிளப்பிக்கொண்டு போனேன். திரும்பி வருவதற்குள் அந்தம்மா 250க்கு முடிவு செய்திருந்தார்.

இந்த ஆபரேஷனின் தொடக்கமே இப்படித்தான். 1962இல் ஹூஸ்டனில் முதன்முதலாக சிலிகான் பை வைக்கப்பட்ட டிம்மி ஜீன் லிண்ட்சே, மார்பில் குத்தியிருந்த பச்சையை எடுக்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர்கள் கிரோனினும் ஜெரோவும்தான் இதைச் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டார்கள். அந்தம்மாவுக்கு அப்போது குறையாகத் தெரிந்தது வெளியே துருத்தியிருந்த காது. காதையும் சரிசெய்து தருவதாகச் சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டார். மார்பு யாருக்குப் போதவில்லை என்ற கேள்வி அன்றிலிருந்தே இருக்கிறது.

இன்னொன்று: இவை ஆயுசுக்கும் வைக்கிற பொருள் இல்லை. மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2021 அக்டோபரில் இந்தப் பைகளுக்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது, ஆபரேஷனுக்கு முன் பெண்ணும் டாக்டரும் சேர்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் கையெழுத்துப் போடும் தாளையும் கொண்டுவந்தது. சிலிகான் ஜெல் பைக்கு 5, 6 வருஷத்தில் ஒரு ஸ்கேன், பிறகு 2, 3 வருஷத்துக்கு ஒரு தடவை என்பது அவர்களுடைய பரிந்துரை. அப்படி ஒரு தாளைத் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுத்தால் எங்கள் வேலையில் பாதி குறையும். 30 வயதில் வைப்பவர் 45இல் மாற்றவோ எடுக்கவோ வேண்டி வரலாம். அந்த ஆபரேஷனுக்குத் தோல் மிச்சமிருக்க வேண்டாமா?

திருநங்கைத் தோழிகள் தங்களுக்குள் சிசி எண்ணைக் கைமாற்றிக்கொள்வது இன்னும் அதிகம். நெஞ்சுக்கூடு அகலமாக இருப்பதால் அவர்களுக்கு அதே எண் சின்னதாகத் தெரிவது உண்மை. ஆனால் நடுவில் இருக்கும் இடைவெளியை மூட வேண்டும் என்று பெரிய பை கேட்பதுதான் ஆபத்து. நெஞ்செலும்பு மேல் தோலைத் தூக்கிக்கொண்டு இரண்டும் ஒன்றாக ஒட்டிவிட்டால் சரிசெய்வது மிகச் சிரமம். ஹார்மோன் எடுத்து மார்பு தானாக வளர அவகாசம் கொடுத்த பிறகு அளந்தால்தான் அகலமும் தோலும் சரியாகத் தெரியும்.

“கடவுள் குடுத்த உடம்பு, எதுக்கு இதெல்லாம்” என்பவர்களிடம் எனக்கு வாதம் இல்லை, நேரமும் இல்லை. 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இந்த சிகிச்சையை இலவசமாகத் தொடங்கியபோதும் அரசாங்கத்துக்கு இது தேவையா என்று பேசினார்கள். ஏழைக்கு மட்டும் அழகு சிகிச்சை ஏன் கூடாது என்று அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. ஆசைப்படுவது அவரவர் இஷ்டம். என் சண்டை அளவோடு மட்டும்தான்.

இதைப் படித்துவிட்டு இன்பாக்ஸில் போட்டோ அனுப்பி “எனக்கு எத்தனை சிசி சரியா வரும் அக்கா” என்று கேட்காதீர்கள். போட்டோவில் சென்டிமீட்டர் தெரியாது, உங்கள் தோல் எவ்வளவு இழுபடும் என்பதும் தெரியாது. பிளாஸ்டிக் சர்ஜரி படித்த டாக்டரிடம் போங்கள். என் அகலம் எத்தனை, மேலே கிள்ளினால் எத்தனை, இந்தப் பையின் அகலம் எத்தனை என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் யாருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை, எனக்கு வித்தியாசம் எவ்வளவு என்றும் கேளுங்கள். டேப்பையே எடுக்காமல் கேட்லாக்கை நீட்டுகிற இடம் என்றால், அட்வான்ஸ் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.